ஏரிக்கடியில் ஒரு சாவி: ஜெனீவா குவாண்டம் குழுவைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரிகளில் குவாண்டம் குறியாக்கம் பற்றிப் பேசப் போனால், ஜெனீவா பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு இயற்பியல் குழுவைத்தான் உதாரணமாக எடுத்துக்கொள்வேன். அவர்கள் செய்தது கண்ணுக்குத் தெரிகிற வேலை. ஏரி, டெலிஃபோன் கேபிள், ஓட்டு எண்ணும் இடம் என்று சொன்னால் பின்வரிசையும் நிமிர்ந்து உட்காரும். பேச்சு முடிந்தபின் வரும் கேள்விகள் ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே எழுதி வைத்திருக்கிறேன். சுலபமானவை முதலில், வில்லங்கமானவை கடைசியில்.

குவாண்டம் குறியாக்கம்னா என்ன சார்? ஒரே வரியில சொல்லுங்க.

இரண்டு பேர் தங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசிய எண்ணை, ஒளித்துகள்களை (ஃபோட்டான்களை) அனுப்பி உருவாக்கிக்கொள்ளும் முறை. அந்த எண்தான் சாவி. செய்தியை அந்தச் சாவியால் பூட்டிவிட்டு, சாதாரண இணையத்திலேயே அனுப்பலாம்.

ஆக, செய்தி ஃபோட்டானில் ஏறிப் போவதில்லை. சாவிக்கு வேண்டிய 0, 1 மட்டுமே போகின்றன. அதனால்தான் துறைக்குள் இருப்பவர்கள் 'குவாண்டம் சாவிப் பகிர்வு' என்பார்கள், சுருக்கமாக க்யூ.கே.டி. பூட்டு பழையதுதான். சாவியைக் கொண்டுசேர்க்கும் வழிதான் புதிது. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் கீழே வரும் கேள்விகளில் பாதி தானாகவே கரைந்துவிடும்.

நடுவுல ஒருத்தன் ஒட்டுக்கேட்டா எப்படித் தெரியும்?

பாடப்புத்தகங்களில் இந்தக் கதையில் அலீஸ், பாப், ஈவ் என்று மூன்று பேர் வருவார்கள். நாம் ஜெனீவாக்காரர், நியோன்காரர், நடுவில் ஒரு திருடர் என்று வைத்துக்கொள்வோம். நியோன் ஜெனீவா ஏரியின் கரையிலேயே இருக்கும் ஒரு சிறு ஊர். ஜெனீவாக்காரர் ஒவ்வொரு ஃபோட்டானையும் நான்கு திசைகளில் ஏதோ ஒன்றில் அதிரவிட்டு அனுப்புகிறார்: நேர், கிடை, இரண்டு மூலைவாட்டுகள். நேர்-கிடை ஒரு ஜோடி, மூலைவாட்டு இன்னொரு ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று 0, மற்றது 1. நியோன்காரர் எந்த ஜோடியில் அளப்பது என்பதைத் தன்னிஷ்டத்துக்குத் தேர்ந்தெடுக்கிறார். சரியான ஜோடியில் அளந்தால் சரியான விடை. தவறான ஜோடியில் அளந்தால் காசு சுண்டின மாதிரி ஏதோ ஒன்று. பிறகு இருவரும் ஃபோனில் 'இந்த ஃபோட்டானுக்கு நான் எந்த ஜோடி' என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறார்கள், விடையைச் சொல்வதில்லை. ஜோடி பொருந்தாதவற்றைத் தூக்கிப்போட்டால் மிச்சமிருப்பது சாவி.

திருடருக்கும் எந்த ஜோடி என்று தெரியாது. பாதி நேரம் தவறாக அளப்பார். அப்படி அளந்த ஃபோட்டானை அவர் மறுபடி அனுப்பும்போது, நியோன்காரருக்கு அதில் பாதி தவறாகப் போய்ச் சேரும். பாதியில் பாதி கால். எல்லா ஃபோட்டானையும் ஒட்டுக்கேட்டால் சாவியில் 25 சதவீதம் பிழை விழும். ஜெனீவாக்காரரும் நியோன்காரரும் சாவியில் கொஞ்சத்தைப் பலிகொடுத்து வெளிப்படையாக ஒப்பிட்டுப் பார்த்தால் திருட்டு தெரிந்துவிடும். 'அளக்காமல் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டால்?' என்று கேட்பீர்கள். முன்பின் தெரியாத ஒரு குவாண்டம் நிலையை நகலெடுக்கவே முடியாது என்று 1982-இல் நிரூபித்தாகிவிட்டது.

இந்த முறையை 1984-இல் சார்லஸ் பென்னட், ஜில் பிராசார் இருவரும் முன்வைத்தார்கள். அதனால் பெயர் பிபி-84. எங்கே முன்வைத்தார்கள் தெரியுமா? பெங்களூரில் நடந்த ஒரு கணினி மாநாட்டில். இதைச் சொன்னதும் அரங்கில் ஒரு சலசலப்பு எழும். எனக்கு அது பிடிக்கும்.

கேபிள்ல சாதாரணமாவே பிழை வருமே? அப்போ தினமும் திருடன்னு கத்துவீங்களா?

நியாயமான கேள்வி. கேபிளால் வந்த பிழை எது, திருடரால் வந்த பிழை எது என்று பிரிக்க வழியில்லை. அதனால் எல்லாப் பழியையும் திருடர் மேலேயே போட்டுவிடுவார்கள். பிழை விகிதத்தைப் பார்த்து, அவருக்கு அதிகபட்சம் எவ்வளவு தெரிந்திருக்கும் என்று கணக்கிட்டு, அந்த அளவுக்குச் சாவியைக் கசக்கிச் சுருக்கினால் அவர் கையில் இருப்பது குப்பையாகிவிடும். பிபி-84-இன் அடிப்படை வடிவத்தில் பிழை ஏறக்குறைய 11 சதவீதத்தைத் தாண்டினால் கசக்கியும் பயனில்லை. அன்றைக்குச் சாவியே கிடையாது, அவ்வளவுதான்.

ஜெனீவாவுல இதை யார் ஆரம்பிச்சாங்க?

நிக்கோலா ஜிசான். ஜெனீவாவிலேயே பிறந்தவர். முனைவர் பட்டத்துக்குப் பின் சில ஆண்டுகள் தொழில்துறையில் ஒளியிழை வேலை பார்த்துவிட்டு, 1988-இல் பல்கலைக்கழகக் குழுவின் ஒளியியல் பிரிவுக்குத் தலைவராக வந்தார். குவாண்டம் கோட்பாட்டில் மூழ்கியவர், அதே சமயம் டெலிஃபோன் கேபிளில் எங்கே இழப்பு வரும் என்றும் தெரிந்தவர். இந்த இரண்டும் ஒரே தலையில் இருந்ததுதான் அந்தக் குழுவின் அதிர்ஷ்டம் என்பது என் அபிப்பிராயம். ஹூகோ ஸ்பிண்டன், வொல்ஃப்காங் டிட்டல், கிரெகுவார் ரிபோர்டி போன்றவர்கள் ஆய்வகத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். 2002-இல் ஜிசான் இந்த மூவரோடு சேர்ந்து எழுதிய நீண்ட மதிப்புரைக் கட்டுரையை இத்துறைக்குள் நுழையும் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

ஒரு உபரித் தகவல்: ஜிசான் ஜெனீவாவின் செர்வெத் ஹாக்கி கிளப்பின் தலைவராகவும் இருந்தவர். ஐஸ் ஹாக்கி இல்லை, நம்ம ஊர் மைதான ஹாக்கி.

ஏரிக்கடியில எதுக்குப் போகணும்? லேப்ல செஞ்சா போதாதா?

லேபில் முதலில் செய்தது பென்னட்டும் பிராசாரும் அவர்களுடைய கூட்டாளிகளும்தான், 1989-இல். ஃபோட்டான் பறந்த தூரம் மேசைமேல் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர். வேடிக்கை என்னவென்றால், திசையை மாற்றும் கருவியின் மின்வழங்கி ஒவ்வொரு திசைக்கும் ஒவ்வொரு விதமாகச் சத்தம் போடுமாம். 'திருடர் செவிடாக இருந்தால் எங்கள் கருவி முழுப் பாதுகாப்பு' என்று பிராசார் பின்னாளில் கிண்டலாகச் சொன்னார்.

ஜெனீவாக் குழு 1993-இல் ஒரு கிலோமீட்டர் ஒளியிழையில் செய்து பார்த்தது. சுருட்டி வைத்த இழையில் செய்வது ஒன்று, ஊருக்குள் புதைந்து கிடக்கும் இழையில் செய்வது வேறு. 1995-இல் ஜெனீவாவுக்கும் நியோனுக்கும் இடையே ஏரியின் அடியில் கிடந்த சுவிஸ் தொலைபேசித் துறையின் கேபிளை எடுத்துக்கொண்டார்கள். 23 கிலோமீட்டர். ஆராய்ச்சிக்கென்று போட்ட கேபிள் இல்லை, டெலிஃபோனுக்காகப் போட்டது. ஃபோட்டான் வந்ததை உணரும் கருவிகளான டிடெக்டர்களை திரவ நைட்ரஜனில் குளிரவைத்து, 1,300 நானோமீட்டர் அலைநீள ஒளியில் சாவியை எடுத்துக் காட்டினார்கள். குவாண்டம் குறியாக்கம் இயற்பியலாளர்களின் விளையாட்டு என்ற பேச்சு அதன்பிறகு கொஞ்சம் அடங்கியது.

கண்ணாடி வச்சு கேபிள் கோளாறைச் சரிபண்ணாங்கன்னு சொன்னீங்க. அது எப்படி? புரியவே இல்ல.

இழைக்குள் போகும் ஒளியின் அதிர்வுத் திசை அப்படியே நிற்காது. வெயில் ஏறினால் திரும்பும், மேலே லாரி போனால் திரும்பும். திசையில்தான் 0, 1 எழுதியிருக்கிறோம் என்றால் நிமிடத்துக்கு நிமிடம் யாராவது உட்கார்ந்து திருகிக்கொண்டே இருக்கவேண்டும்.

1997-இல் குழு ஒரு தந்திரம் செய்தது. ஒளியை முதலில் பெறுபவர் பக்கமிருந்து பலமாக அனுப்பு. அனுப்புபவர் அதை ஒரு ஃபோட்டானுக்கும் குறைவாக மங்கவைத்து, தன் குறியைப் போட்டு, ஃபாரடே கண்ணாடி என்ற சிறப்புக் கண்ணாடியால் வந்த வழியே திருப்பி அனுப்பட்டும். அந்தக் கண்ணாடி அதிர்வுத் திசையைச் செங்குத்தாகத் திருப்பிவிடுவதால், போகும்போது இழை போட்ட முறுக்கெல்லாம் வரும்போது தானாக அவிழ்ந்துவிடும். புடவையை முறுக்கிப் பிழிந்துவிட்டு எதிர்ப்பக்கம் திருகினால் பிரிகிற மாதிரி. கருவியைச் செருகினால் போதும், ஓடும். அதனால் 'செருகி ஓட்டு' என்று பெயர் வைத்தார்கள். இதை வைத்தே 2002-இல் ஜெனீவாவிலிருந்து லோசான் வரை 67 கிலோமீட்டர் போனார்கள்.

இன்னொரு வழியும் இதே குழுவில் வளர்ந்தது. திசையில் எழுதாமல் நேரத்தில் எழுதுவது: ஃபோட்டான் முந்தி வந்ததா, பிந்தி வந்ததா, அல்லது இரண்டும் கலந்த நிலையா. இழை ஒளியின் திசையை முறுக்கும், ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக உடனுக்குடன் வரும் இரண்டு துடிப்புகளின் இடைவெளியைக் கலைக்காது. பிற்காலச் சாதனைகள் பெரும்பாலும் இந்த நேர முறையில்தான்.

சென்னையிலிருந்து டெல்லிக்கு இப்படிச் சாவி அனுப்பலாமா?

நேரடியாக ஒரே இழையில் முடியாது. நல்ல ஒளியிழையில் 50 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஒளி பத்தில் ஒன்றாகக் குறையும். 100 கிலோமீட்டரில் நூற்றில் ஒரு ஃபோட்டான் பிழைக்கும், 300-இல் பத்து லட்சத்தில் ஒன்று. 1,000 கிலோமீட்டருக்கு நொடிக்கு 1,000 கோடி ஃபோட்டான் அனுப்பினாலும் மறுமுனையில் ஒன்று வந்துசேர 300 வருஷத்துக்கு மேல் ஆகும். சாதாரண இன்டர்நெட் கேபிளில் நடுவில் பெருக்கிகள் வைத்திருப்பார்கள். இங்கே வைக்க முடியாது. பெருக்குவது என்றால் நகலெடுப்பது. நகலெடுக்க முடியாது என்று ஒட்டுக்கேட்கும் கேள்வியிலேயே பார்த்தோம். திருடரைத் தடுக்கும் அதே விதி நம் காலையும் கட்டுகிறது.

இந்தச் சுவரோடுதான் குழு பல ஆண்டுகளாக முட்டிக்கொண்டிருக்கிறது. 2015-இல் 307 கிலோமீட்டர், 2018-இல் 421 கிலோமீட்டர். இழப்பு மிகக் குறைந்த சிறப்பு இழை, மீக்கடத்தி டிடெக்டர்கள், நொடிக்கு 250 கோடி துடிப்பு. அப்படியும் 405 கிலோமீட்டரில் கிடைத்த சாவி நொடிக்கு 6.5 பிட்தான். சிரிக்காதீர்கள். 256 பிட் சாவி ஒன்று சேர 40 நொடி போதும். முதல் பதிலில் சொன்ன மாதிரி, நாம் படம் அனுப்பவில்லை, சாவிதானே அனுப்புகிறோம்.

அதற்கும் மேலே போகவேண்டுமென்றால் நடுவில் நம்பிக்கையான நிலையங்கள் வைத்து சாவியைக் கைமாற்ற வேண்டும். அந்த நிலையத்தில் இருப்பவர் நல்லவராக இருக்கவேண்டும், அதுதான் குறை. இல்லையென்றால் செயற்கைக்கோள். சீனாவின் மிசியஸ் செயற்கைக்கோளை வைத்து 2017-இல் பெய்ஜிங்கும் வியன்னாவும் சாவி பகிர்ந்தன. அங்கேயும் அந்தச் செயற்கைக்கோளை நம்பியாக வேண்டியிருந்தது. நகலெடுக்காமல், இரண்டு ஃபோட்டான்களுக்கு இடையிலான பிணைப்பை (அது என்ன என்பது கீழே வரும்) மட்டும் கைமாற்றும் குவாண்டம் மறுபெருக்கிகள் வந்தால் அந்த நம்பிக்கை தேவைப்படாது. ஜெனீவாவும் அதில் இறங்கியிருக்கிறது, ஆனால் ஊர் ஊராகப் போட்டு ஓட்டும் நிலை இன்னும் வரவில்லை.

தேர்தல்ல பயன்படுத்தினாங்களாமே? நம்ம ஓட்டு மெஷினுக்கும் போடலாமா?

2007 அக்டோபர் 21 அன்று நடந்த சுவிஸ் நாடாளுமன்றத் தேர்தலில் ஜெனீவா மாகாணம் இதைப் பயன்படுத்தியது உண்மை. ஆனால் எதற்கு என்று பாருங்கள். அங்கே பெரும்பாலோர் தபாலில்தான் வாக்களிக்கிறார்கள். ஓட்டு எண்ணும் இடத்திலிருந்து அரசின் தரவு மையத்துக்குப் போன இணைப்பைத்தான் குவாண்டம் சாவியால் பூட்டினார்கள். வாக்காளர் கைக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு ஃபோட்டானும் இல்லை.

இன்னொரு வேடிக்கை: எண்ணிக்கை எப்படியும் அன்று மாலை ஊருக்கே தெரியப்போகிறது. அங்கே ரகசியம் முக்கியமில்லை, வழியில் யாரும் எண்ணை மாற்றிவிடக்கூடாது என்பதே நோக்கம். அது ஒரு நல்ல செய்முறைக் காட்சி, நல்ல விளம்பரமும்கூட. நம்ம ஓட்டு மெஷின் பற்றிய சண்டை மெஷினுக்குள் என்ன நடக்கிறது என்பது பற்றியது. அதற்கு இது மருந்தில்லை.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 2009 மார்ச் முதல் 2011 ஜனவரி வரை ஓடிய 'சுவிஸ் குவாண்டம்' வலையமைப்பு. பல்கலைக்கழகம், செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வகம், ஒரு பொறியியல் கல்லூரி என மூன்று இடங்கள். பெரிய சாதனை எதுவும் அறிவிக்கவில்லை. கருவி நாள் தவறாமல் வேலை செய்கிறதா என்று பார்த்தார்கள். பத்திரிகைக்காரர்களுக்கு இதில் செய்தி இல்லை, பொறியாளர்களுக்கு இதுதான் செய்தி.

பேராசிரியர்களே கம்பெனி நடத்தினா ஆராய்ச்சி என்னாகும்?

2001-இல் ஜிசான், ஸ்பிண்டன், ரிபோர்டி, ஒலிவியே கினார் நால்வரும் 'ஐடி குவான்டிக்' நிறுவனத்தைத் தொடங்கினார்கள். சாவிக் கருவி, ஒற்றை ஃபோட்டான் டிடெக்டர், சீரற்ற எண் உருவாக்கி ஆகியவை விற்பனைக்கு வந்தன. 2018-இல் தென்கொரியாவின் எஸ்.கே. டெலிகாம் பெரும்பங்கை வாங்கியது. 2025-இல் அமெரிக்காவின் அயன்க்யூ அதை எடுத்துக்கொண்டது.

ஆராய்ச்சி கெட்டதா? டிடெக்டர் விற்ற காசும் விற்ற அனுபவமும் ஆய்வகத்துக்குத் திரும்பி வந்தன என்றுதான் நான் பார்க்கிறேன். குழு மறுபக்கம் காசுக்கு உதவாத கேள்விகளையும் விடவில்லை. அடுத்த கேள்விக்கு அடுத்ததைப் பாருங்கள்.

என் ஃபோன்லயே குவாண்டம் இருக்குன்னு விளம்பரம் பார்த்தேன். உண்மையா?

2020-இல் கொரியாவில் வந்த சாம்சங் கேலக்ஸி ஏ குவாண்டம் ஃபோனில் ஐடி குவான்டிக்கின் சிப் இருந்தது. அது சாவியைப் பகிராது, சீரற்ற எண்களை மட்டும் உருவாக்கும். உள்ளே ஒரு குட்டி எல்.ஈ.டி. விளக்கும் கேமராவில் இருப்பது போன்ற ஒரு ஒளி உணரியும் இருக்கும். ஒவ்வொரு புள்ளியிலும் எத்தனை ஃபோட்டான் விழுகிறது என்பது குவாண்டம் விதிப்படி முன்கூட்டிச் சொல்ல முடியாதது. அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணாக்குகிறார்கள். நல்ல சீரற்ற எண் இல்லாமல் எந்தப் பூட்டும் நிற்காது என்பதால் இது அற்பமில்லை. ஆனால் ஃபோனே குவாண்டம் ஆகிவிட்டது என்று நினைக்கவேண்டாம்.

பிணைப்பு, பிணைப்புங்கறாங்களே, அது டெலிபதியா? ஒளியைவிட வேகமா செய்தி அனுப்பலாமா?

இரண்டு ஃபோட்டான்களை ஒரே மூச்சில் உருவாக்கி ஆளுக்கொரு பக்கம் அனுப்பினால், அளவீட்டு விடைகள் ஒன்றோடொன்று பொருந்தி வரும். முன்கூட்டியே விடையை எழுதிக்கொண்டு கிளம்பியிருக்கும் என்று சொல்லித் தப்பிக்க முடியாத அளவுக்குப் பொருந்தும். எந்த அளவு என்று 1964-இல் கணக்குப் போட்டுக் காட்டியவர் ஜான் பெல். ஜெனீவாவை ஒட்டிய செர்ன் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். ஜிசான் 2009-இல் பெல் பெயரிலான பரிசின் முதல் பரிசைப் பெற்றார்.

ஜெனீவாக் குழு 1997-இல் டெலிஃபோன் கேபிள்களையே இதற்கும் கேட்டு வாங்கியது. நகரின் ஒரு டெலிஃபோன் நிலையத்தில் ஜோடிகளை உருவாக்கி, ஒன்றை வடக்கே பெல்வியூ கிராமத்துக்கும் மற்றதைத் தெற்கே பெர்னே கிராமத்துக்கும் அனுப்பினார்கள். நேர்கோட்டில் 10.9 கிலோமீட்டர். பொருத்தம் குலையவில்லை. அப்புறம் 2008-இல் வெளிவந்த இன்னொரு சோதனை: கிழக்கு மேற்காகக் கிடக்கும் சத்தினி, ஜூசி கிராமங்கள், 18 கிலோமீட்டர் இடைவெளி. ஒரு ஃபோட்டானிலிருந்து மற்றதற்கு ஏதோ ஒரு ரகசியத் தூது ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், அது எவ்வளவு வேகமாக ஓடவேண்டும்? பூமி சுழல்வதால் எந்தத் திசையும் விட்டுப்போகாதபடி 24 மணி நேரம் அளந்தார்கள். குறைந்தபட்சம் ஒளியைப்போல் 10,000 மடங்கு என்று வந்தது. அப்படி ஒரு தூது இருக்கிறது என்பது முடிவில்லை. இருந்தால் இவ்வளவு அபத்தமான வேகம் வேண்டும் என்பதே முடிவு.

செய்தி அனுப்பலாமா? முடியாது. ஒவ்வொரு முனையிலும் தனித்தனியாகப் பார்த்தால் விடைகள் வெறும் காசு சுண்டல். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்தால்தான் பொருத்தம் தெரியும், அதற்கு ஒரு பட்டியல் ஃபோனிலோ தபாலிலோ வரவேண்டும். ஆனால் இருவருக்கும் ஒரே சீரற்ற எண், வேறு யாருக்கும் தெரியாதது என்றால் அது சாவிதானே? இதைத்தான் ஆர்தர் எக்கர்ட் 1991-இல் முறையாக்கினார்.

டெலிபோர்ட்டேஷனும் செஞ்சாங்களாமே? மனுஷனை அனுப்ப முடியுமா?

2003-இல் செய்தார்கள். 55 மீட்டர் இடைவெளியில் இரண்டு அறைகள், நடுவே 2 கிலோமீட்டர் இழை. அனுப்பியது ஒரு ஃபோட்டானின் நிலையை மட்டும். பொருள் எதுவும் நகரவில்லை, மூல நிலையும் அழிந்துவிடும், ஒரு சாதாரணச் செய்தியும் கூடவே போகவேண்டும். மனுஷனுக்கு பஸ்தான்.

என் பொண்ணு பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிறா. இதுல போக என்ன படிக்கணும்?

நேரியல் இயற்கணிதமும் நிகழ்தகவும் கைவந்தால் கோட்பாட்டில் பாதி தூரம் வந்தாயிற்று. சோதனைப் பக்கம் போவதானால் ஒளியியலும் மின்னணுவியலும். சாலிடரிங் தெரிந்த இயற்பியல் மாணவருக்கு எந்த ஆய்வகத்திலும் மதிப்பு உண்டு. ஜெனீவாக்கெல்லாம் பிறகு போகலாம். 2023-இல் ஒப்புதல் பெற்ற தேசிய குவாண்டம் திட்டத்தில் குவாண்டம் தகவல்தொடர்புக்கான மையம் சென்னை ஐ.ஐ.டி.யில்தான் இருக்கிறது.

உடைக்கவே முடியாதுன்னாங்க. 2010-லயே ஹேக் பண்ணிட்டாங்கன்னு படிச்சேனே?

படித்தது சரிதான். நார்வேயின் ட்ரொண்ட்ஹெய்ம் பல்கலைக்கழகத்தில் வதீம் மகாரொவ் முதலியவர்கள் இருந்த குழு ஐடி குவான்டிக், மேஜிக்யூ இரண்டு நிறுவனங்களின் கருவிகளையும் கவிழ்த்துக் காட்டியது. ஒற்றை ஃபோட்டானுக்காகக் காத்திருக்கும் டிடெக்டர்மேல் பலமான ஒளியை அடித்தால் அது கண் கூசிப்போய், ஒற்றை ஃபோட்டானை உணரும் திறனை இழந்து சாதாரண ஒளி உணரியாகிவிடும். பிறகு திருடர் தான் அளந்ததை ஒரு குறிப்பிட்ட பலமுள்ள துடிப்பாக அனுப்புவார். பெறுபவரின் ஜோடி தன் ஜோடியோடு பொருந்தினால் மட்டுமே 'டிக்' கேட்கும், இல்லையென்றால் மௌனம். ஆக, மேலே கணக்குப் போட்ட 25 சதவீதப் பிழை வரவே வராது. நிறுவனத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வெளியிட்டார்கள். மாற்று ஏற்பாடுகளும் வந்தன.

இதற்கு முன்பே வேறொரு ஓட்டை தெரிந்திருந்தது. ஒற்றை ஃபோட்டான் என்று சொல்கிறோமே தவிர, நடைமுறையில் மங்கவைத்த லேசர்தான். துடிப்புக்குச் சராசரி 0.1 ஃபோட்டான் என்று வைத்தால் 100-இல் 90 துடிப்பு காலி, 9 துடிப்பில் ஒரே ஒரு ஃபோட்டான், ஏறக்குறைய 200 துடிப்புக்கு ஒன்றில் இரண்டோ அதற்கு மேலோ இருக்கும். அந்த உபரியை மட்டும் உருவிக்கொண்டால் திருடருக்கு ஓசியில் விடை. 2004-இல் ஜெனீவாக் குழுவினர் சார்க்-04 என்ற முறையால் இதைக் கடினமாக்கினார்கள். கருவி ஒன்றும் மாறவில்லை, ஃபோனில் பேசிக்கொள்ளும் விதத்தை மட்டும் மாற்றினார்கள். எனக்குப் பிடித்த தீர்வு இது, செலவே இல்லை. வேறிடங்களில் வந்த, திருடரைக் காட்டிக்கொடுக்கப் பலம் மாறிய துடிப்புகளை நடுநடுவே கலந்து அனுப்பும் 'பொய்த்துடிப்பு' முறைதான் பிற்பாடு பரவலானது என்பதையும் சொல்லவேண்டும். செருகி ஓட்டும் கருவியிலும் ஒரு பலவீனம் உண்டு: வெளியிலிருந்து ஒளி உள்ளே வரும் கதவு திறந்தே இருக்கிறது, அதில் திருடரும் டார்ச் அடித்துப் பார்க்கலாம்.

உடைந்தவை எல்லாம் கருவிகள். இயற்பியல் விதி உடையவில்லை. ஆனால் பணம் கொடுத்து வாங்குபவர் கையில் இருப்பது கருவிதான், விதி இல்லை. அதனால் இந்தச் சமாதானத்தை நான் அதிகம் நீட்டுவதில்லை. கருவியையே நம்பாமல், பிணைப்பின் பொருத்தத்தை அளக்கும் பெல் சோதனையை மட்டும் நம்பிச் சாவி எடுக்கலாம் என்று 2007-இல் எழுதியவர்களில் ஜிசானும் அவர் குழுவினரும் உண்டு. 2022-இல் ஆக்ஸ்ஃபர்டில் அதைச் செய்தே காட்டினார்கள்: இரண்டு மீட்டர் இடைவெளி, ஏறக்குறைய 8 மணி நேரம், 95,628 பிட் சாவி. ஏரியைத் தாண்ட இன்னும் நாளாகும்.

குவாண்டம் கம்ப்யூட்டர் வந்தா பேங்க் பாஸ்வேர்டெல்லாம் போச்சாமே. அதுக்கு இதுதானே ஒரே வழி?

ஒரே வழி இல்லை. இன்றைய இணையச் சாவிப் பகிர்வு பெரிய எண்களைக் காரணிப்படுத்துவது போன்ற கடினமான கணக்குகளை நம்பி நிற்கிறது. போதுமான அளவு பெரிய குவாண்டம் கணினி இருந்தால் அவை சுலபமாகிவிடும் என்று பீட்டர் ஷோர் 1994-இல் காட்டினார். கணினி இன்று இல்லாவிட்டாலும், இன்று போகும் தரவை அள்ளி வைத்துக்கொண்டு 20 வருஷம் கழித்து உடைக்கலாம். மருத்துவப் பதிவு, அரசு ரகசியம் வைத்திருப்பவர்களின் கவலை அதுதான்.

இதற்கு இரண்டு பாதைகள். ஒன்று, குவாண்டம் கணினிக்கும் கடினமானவை என்று நம்பப்படும் வேறு கணக்குகள். அமெரிக்கத் தர நிறுவனம் அவற்றில் மூன்றை 2024 ஆகஸ்டில் தரமாக அறிவித்தது. இது வெறும் மென்பொருள், உங்கள் ஃபோனுக்கு அப்டேட்டாகவே வந்துவிடும். இரண்டாவதுதான் ஜெனீவாப் பாதை, தனிக் கருவியும் இழையும் வேண்டும். அமெரிக்காவின் என்.எஸ்.ஏ. என்ற உளவு அமைப்பு தன் நாட்டுப் பாதுகாப்பு அமைப்புகளுக்குக் குவாண்டம் சாவிப் பகிர்வைப் பரிந்துரைப்பதில்லை என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. தனிக் கருவி, நடுவில் நம்பவேண்டிய நிலையங்கள், கேபிளை வெட்டினாலே சேவை நின்றுவிடுவது என்று அவர்கள் சொல்லும் காரணங்களை மேலே நாமே பார்த்துவிட்டோம். என்னைக் கேட்டால், சாதாரண மனிதருக்கு முதல் பாதை போதும். பல பத்தாண்டுகள் ரகசியம் காக்கவேண்டிய, பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு கட்டடங்களுக்கு இரண்டாவதையும் சேர்த்துப் போடுவதில் அர்த்தம் உண்டு.

ஃபோன்ல ஜோடியைச் சொல்லிக்கிறாங்கன்னீங்க. எதிர்ப்பக்கம் பேசுறது திருடனா இருந்தா?

இதை முதலாமாண்டு மாணவர் ஒருவர் கேட்டபோது எழுந்து நின்று கைதட்டலாம் போலிருந்தது. திருடர் நடுவில் உட்கார்ந்து, ஜெனீவாக்காரரிடம் நியோன்காரராகவும், நியோன்காரரிடம் ஜெனீவாக்காரராகவும் நடித்தால், இருபுறமும் தனித்தனிச் சாவி போட்டுக்கொண்டு நிம்மதியாக இருப்பார். ஒரு பிழையும் தெரியாது. ஆகவே ஃபோன் பேச்சு ரகசியமாக இருக்கத் தேவையில்லை, ஆனால் பேசுவது யார் என்பது உறுதியாகத் தெரியவேண்டும். அதற்கு இருவரிடமும் தொடக்கத்திலேயே ஒரு சின்ன ரகசியம் இருக்கவேண்டும். நேரில் பார்த்துக் கொடுத்துக்கொண்டது, அல்லது கருவியோடு வந்தது. அதை வைத்து ஒவ்வொரு செய்தியிலும் முத்திரை போடுவார்கள். புதுச் சாவி கிடைத்ததும் அதில் கொஞ்சத்தை அடுத்த முத்திரைக்கு எடுத்து வைப்பார்கள். வெண்ணெய் எடுக்கிற வீட்டில் நேற்றைய தயிரில் ஒரு கரண்டி உறைக்கு வைப்பது மாதிரி.

'அப்போ ஏற்கெனவே ரகசியம் வேணுமே, பிறகென்ன லாபம்?' என்று அவர் விடவில்லை. சின்னது பெரிதாகிறது என்பது ஒரு லாபம். இன்னொன்றும் உண்டு. முத்திரையைச் சாதாரணக் கணக்கு முறையிலேயே போட்டாலும், அது அந்தப் பேச்சு நடக்கும் சில நொடிகளுக்கு உடையாமல் இருந்தால் போதும். பத்து வருஷம் கழித்து யாராவது அந்த முத்திரை முறையை உடைத்தால், அன்றைக்கு எடுத்த சாவிக்கு ஒன்றும் ஆகாது. அள்ளி வைத்துப் பிறகு உடைக்கும் திருடருக்கு இங்கே அள்ளி வைக்க ஃபோட்டான் மிச்சமே இல்லை. நியோனில் அளந்தபோதே அது தீர்ந்துவிட்டது.